தோர்ணக்கல் சபைகள் நின்னது எப்படி: உபதேசியார்களைத் தாங்கின ஒரு பிஷப்போட ஊழியம்

புது சபை ஆரம்பிக்கிறதைப் பத்திப் பேசும்போது நம்ம ஆளுங்க பெரும்பாலும் எண்ணிக்கையிலயே நின்னுடுறாங்க, இந்த வருஷம் எத்தனை கிராமம், எத்தனை ஞானஸ்நானம், எத்தனை இடத்துல ஷெட்டு போட்டோம்னு. அஞ்சு வருஷம் கழிச்சு அதே கிராமத்துல ஆராதனை நடக்குதா, அங்க அனுப்பின ஊழியரும் அவர் வீட்டம்மாவும் பிள்ளைங்களும் எப்படி இருக்காங்கன்னு கேக்கிறவங்க ரொம்ப கம்மி. எனக்கு இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நினைப்பு போறது தோர்ணக்கல்லுக்குத் தான். நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம திருநெல்வேலி சபைகள் காசு போட்டு ஆள் அனுப்பி ஆரம்பிச்ச வேலை அது, அங்க உண்டான சபைகள் இன்னைக்கும் இருக்கு. அதுக்குக் காரணம் என்னன்னு கொஞ்சம் பொறுமையா பாக்கணும்னு தான் இதை எழுதுறேன்.

தோர்ணக்கல் இப்போ தெலங்கானாவுல மகபூபாபாத் மாவட்டத்துல இருக்கு. அப்போ நிஜாம் ஆண்ட ஹைதராபாத் சமஸ்தானம். சிங்கரேணி நிலக்கரிக்குப் போற ரயில் பாதை பிரியிற ஜங்ஷன், அதைத் தாண்டினா காடும் சோளக்கொல்லையும் சின்னச் சின்ன கிராமமும் தான். ஊருக்கு வெளியே மாலா, மாதிகாங்கிற தலித் சாதி மக்களோட சேரி, கூலி வேலை, தோல் வேலை, நிலக்காரர் கூப்பிட்டா கூலியில்லாம போய் செய்யணும்ங்கிற வெட்டிச்சாகிரி, கடன், கள்ளு, காலரா. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களைத் தேடித்தான் பிடிக்கணும். மொழி தெலுங்கு, சர்க்கார் ஆபீஸ்ல உருது. திருநெல்வேலியில இருந்து போற ஒரு ஆளுக்கு அது நிஜமாவே வேற நாடு தான்.

அங்க போகணும்ங்கிற எண்ணம் எங்க இருந்து வந்துச்சுங்கிறது தனிக்கதை. வெள்ளாளன்விளையில 1874-ல பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, அப்பா தாமஸ் வேதநாயகம் ஒரு கிராமத்து ஐயர், அதாவது சபை குரு, இவர் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல படிச்சுட்டு ஒய்.எம்.சி.ஏ.-வுல (கிறிஸ்தவ வாலிபர் சங்கம்) செக்ரட்டரியா தென்னிந்தியா முழுக்க சுத்திட்டிருந்தார். 1902-ல யாழ்ப்பாணம் போனப்போ அங்க இருந்த தமிழ்க் கிறிஸ்தவங்க, வெள்ளைக்கார மிஷனை எதிர்பாக்காம தாங்களே காசு சேத்து, கடல் தாண்டி நம்ம தொண்டிப் பக்கத்துக்கு ஊழியக்காரரை அனுப்பி வெச்சிருந்ததைப் பாத்தார். அது இவர் மனசைக் குத்திடுச்சு. நூறு வருஷத்துக்கு மேல சுவிசேஷம் கேட்ட திருநெல்வேலி, இவ்வளவு கோயில், இவ்வளவு பள்ளிக்கூடம், அசனப் பண்டிகை எல்லாம் வெச்சிருக்கிற திருநெல்வேலி, வெளிய ஒரு ஆளைக் கூட அனுப்பலையேன்னு. அடுத்த வருஷமே, 1903 பிப்ரவரி 12-ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சாச்சு. ஆளு நம்ம ஆளு, காசு நம்ம காசு, நிர்வாகம் நம்ம நிர்வாகம், இதுதான் கொள்கை. 1905 கிறிஸ்துமஸ் அன்னைக்கு செராம்பூர்ல கே.டி. பால் மாதிரி நண்பர்களோட சேந்து இதையே இந்தியா முழுக்க விரிச்சு தேசிய மிஷனெரி சங்கத்தையும் ஆரம்பிச்சார்.

பாளையங்கோட்டைச் சங்கம் 1904-ல முதல் மிஷனெரியா சாமுவேல் பாக்கியநாதனை தோர்ணக்கல் பக்கம் அனுப்புச்சு. முதல் ஞானஸ்நானம் 1906-ல. இடைப்பட்ட அந்தக் காலம் முழுக்க மொழி கத்துக்கிறதும் ஜனங்களோட பழகுறதும் தான் வேலையா இருந்திருக்கும். இன்னைக்கு வேலை ஆரம்பிச்சு ஆறு மாசத்துல ரிப்போர்ட் கேக்கிற சங்கங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

அசரியா இதுவரைக்கும் சங்கத்தோட செக்ரட்டரி, அதாவது அனுப்புற ஆள். அனுப்பிட்டு ஊர்ல உக்காந்திருக்க அவரால முடியல. 1909-ல குருப்பட்டம் வாங்கிக்கிட்டு, மனைவி அன்பு மரியம்மாளையும் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு தோர்ணக்கல்லுக்கே குடி போயிட்டார், முப்பத்தஞ்சு வயசுல தெலுங்கு எழுத்து படிச்சார். ஒய்.எம்.சி.ஏ.-வுல இருந்திருந்தா உலகம் சுத்துற வேலை, மரியாதையான சம்பளம். அதை விட்டுட்டு அவர் போனது தான் இந்த முழு நிகழ்வுலயும் முக்கியமான திருப்பம்னு நான் நினைக்கிறேன், ஏன்னா அதுக்கு அப்புறம் தோர்ணக்கல்ல வேலை செஞ்ச எந்த உபதேசியாருக்கும் (கிராமத்துல தங்கி வேதம் சொல்லிக் குடுக்கிற ஊழியர்), நம்மளை இங்க தள்ளிட்டு பெரியவர் சௌகரியமா இருக்கார்ங்கிற எண்ணம் வர வழியே இல்லாம போச்சு.

எடின்பரோவுல பேசினது

1910 ஜூன்ல எடின்பரோவுல உலக மிஷனெரி மாநாடு. ஆயிரத்துக்கு மேல வந்திருந்த பிரதிநிதிகள்ல ஆசியாக்காரங்க விரல் விட்டு எண்ணிடலாம். அதுல அசரியா எழுந்து, வெளிநாட்டு மிஷனெரிக்கும் கூட வேலை செய்யுற இந்திய ஊழியருக்கும் நடுவுல இருக்கிற உறவு சரியில்லன்னு முகத்துக்கு நேரா சொன்னார். சாப்பாட்டுக்குக் கூப்பிடுறது, வீட்டுக்கு வந்து பாக்கிறது, கை குடுக்கிறது மாதிரியான சின்ன விஷயங்களையே எடுத்து வெச்சார். 1 கொரிந்தியர் 13-ம் அதிகாரத்தை மனசுல வெச்சு, ஏழைங்களுக்கு உங்க ஆஸ்தியைக் குடுத்தீங்க, சரீரத்தைச் சுட்டெரிக்கவும் குடுத்தீங்க, எங்களுக்கு அன்பும் வேணும், சிநேகிதரா வாங்கங்கிற அர்த்தத்துல முடிச்சார். கூட்டத்துல சிலருக்கு அது ரொம்ப கசந்துச்சு.

இந்தப் பேச்சை எல்லாரும் வெள்ளைக்காரருக்கும் இந்தியருக்கும் நடுவுல இருந்த பிரச்சனையா மட்டும் படிக்கிறாங்க. அது உண்மை தான், ஆனா எனக்கு அதுல இன்னொண்ணும் கேக்குது. சம்பளம் குடுத்து, வேலை சொல்லி, ரிப்போர்ட் வாங்கிக்கிட்டு, ஆளைத் தனியா விட்டுடுறது ஒரு ஊழியக்காரனை என்ன பண்ணும்னு அவருக்கு உள்ளுக்குள்ள இருந்து தெரிஞ்சிருந்துச்சு. அப்படிப் பேசின மனுஷன் ரெண்டே வருஷத்துல, 1912 டிசம்பர் 29-ல, கல்கத்தா செயின்ட் பால்ஸ் கதீட்ரல்ல தோர்ணக்கல் பிஷப்பா அபிஷேகம் பண்ணப்பட்டார். இந்தியாவுல முதல் இந்திய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த சபை) பிஷப், வயசு 38. மெட்ராஸ் பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட் இதுக்காக ரொம்ப போராடினார். எதிர்ப்பு வெளிநாட்டு மிஷனெரிகள் கிட்ட இருந்து வந்த மாதிரியே நம்ம திருநெல்வேலிக்குள்ள இருந்தும் சாதியைக் காரணம் காட்டி வந்துச்சு, இதை மறைக்கிறதுல யாருக்கும் பிரயோஜனம் இல்ல. இப்போ அவர் கையில அதிகாரம் இருக்கு, அவருக்குக் கீழ உபதேசியார்கள் இருக்காங்க. மத்தவங்க கிட்ட கேட்டதை இவர் தன் ஆளுங்களுக்குக் குடுத்தாராங்கிறது தான் நாம பாக்க வேண்டியது.

ஒரு கிராமத்துல சபை எப்படி ஆரம்பிச்சுச்சு

பெரும்பாலும் ஒரு தனி ஆள் மனம் திரும்பி அவரை வெச்சு சபை உண்டான மாதிரி அங்க நடக்கல. ஒரு சேரியில நாலஞ்சு வீட்டுப் பெரியவங்க கூடிப் பேசி, பக்கத்து ஊர்ல சம்பந்தி வீட்டுல நடந்த மாற்றத்தைப் பாத்துட்டு, எங்களுக்கும் ஒரு வாத்தியாரை அனுப்புங்கன்னு வருவாங்க. அந்த வாத்தியார் தான் உபதேசியார், பகல்ல பிள்ளைங்களுக்குப் பாடம், ராத்திரி வேலை முடிஞ்சு வர்ற பெரியவங்களுக்கு ஜெபம், பாட்டு, வேதக்கதை. கர்த்தருடைய ஜெபம், பத்துக் கற்பனை, விசுவாசப் பிரமாணம் எல்லாம் வாய்ப்பாடமா, எழுத்தே தெரியாதவங்க மனசுல நிக்கிற மாதிரி தெலுங்குப் பாட்டோட சேத்து சொல்லிக் குடுத்தாங்க. கல்யாணமும் உறவும் ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு எப்படிப் போகுமோ அதே பாதையில சுவிசேஷமும் போச்சு, யாரும் மேப் விரிச்சு வெச்சு பிளான் போடல.

ஞானஸ்நானம் உடனே குடுக்கல. பல மாசம், சில இடத்துல அதை விட அதிகமா, கத்துக்கணும். கள்ளை விடணும், பழைய பலி பூஜையை விடணும். அசுத்தம், வியாதி, கடன், குடி, இந்த நாலையும் கிராமத்தைப் பிடிச்ச நாலு பிசாசுன்னு அசரியா போற இடமெல்லாம் சொல்லுவாராம். அதனால சபையோட கூட மருந்துச்சாலை, கூட்டுறவுச் சங்கம் எல்லாம் வந்துச்சு.

ஞானஸ்நானம் எடுக்கும்போது அவர் செய்ய வெச்ச ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எடுக்கிறவங்க ஒவ்வொருத்தரும் தங்க கையைத் தங்க தலை மேலயே வெச்சு, நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோன்னு சொல்லணும். பவுல் அப்போஸ்தலன் தனக்குச் சொல்லிக்கிட்டதை நேத்து வரைக்கும் யாரும் திரும்பிப் பாக்காத ஒரு மாதிகா கூலிக்காரர் தன் தலையில கை வெச்சுச் சொல்றார். ஊழியம்ங்கிறது சம்பளம் வாங்குறவங்க வேலைங்கிற நினைப்பு முளைக்கிறதுக்கு முன்னாடியே அங்க வெட்டிட்டாங்க. வருஷத்துல ஒரு வாரம் சாட்சி வாரம்னு வெச்சு, சபை ஜனம் எல்லாம், ஆம்பள பொம்பள வித்தியாசம் இல்லாம, பக்கத்து கிராமங்களுக்குப் பாட்டோட போவாங்க. 1920களுக்கு அப்புறம் வட்டெர, லம்பாடி, எருகல மக்களும், மேல சாதின்னு சொல்லப்படுற குடும்பங்கள் சிலதும் சபைக்கு வந்ததுக்கு, இந்தச் சாதாரண ஜனங்களோட வாழ்க்கையில வந்த மாற்றம் தான் காரணம்னு அசரியாவே சொல்லியிருக்கார். பணக்காரரைப் பிடிச்சா ஏழை தானா வருவான்னு கணக்குப் போட்டு ஊழியம் பண்றவங்களுக்கு இது நேர் எதிர்.

உபதேசியார் சோர்ந்து போகாம இருந்தது எப்படி

இங்க தான் நான் கொஞ்சம் அதிகமா நிக்கணும்.

அந்த உபதேசியாரோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க. பெரும்பாலும் அவரும் அதே மாலா இல்ல மாதிகா சமுதாயத்துல இருந்து வந்தவர், கொஞ்சம் படிப்பு, சின்னச் சம்பளம், மண் வீடு. ஊர் நிலக்காரருக்கு அவரைக் கண்டாலே ஆகாது, ஏன்னா அவர் வந்த அப்புறம் கூலிக்காரன் கணக்கு கேக்கிறான், பையனை மாடு மேய்க்க அனுப்பாம பள்ளிக்கூடம் அனுப்புறான். சபைக்குள்ளயே சண்டை வரும், கல்யாணத்துல பழைய சடங்கு திரும்பி வரும், குடி திரும்பி வரும். பக்கத்துல மனசு விட்டுப் பேச இன்னொரு ஊழியர் இல்ல. சபை ஆரம்பிக்கும்போது இருக்கிற உற்சாகம் எல்லாம் ரெண்டாவது வருஷத்துல வடிஞ்சிடும்.

தோர்ணக்கல்ல முதல்ல பண்ணது, பயிற்சியை அவங்க வாழ்க்கைக்குப் பக்கத்துலயே வெச்சது. வேதசாத்திரப் பள்ளி தோர்ணக்கல்லயே, தெலுங்குலயே நடந்துச்சு. மாணவர் தனியா வந்து ஹாஸ்டல்ல தங்குறது கிடையாது, குடும்பத்தோட வரணும், மனைவிக்கும் வகுப்பு உண்டு. எழுத்து, வேதம், பிள்ளை வளர்ப்பு, சுத்தம் எல்லாம் அவங்களும் படிச்சாங்க, அன்பு அம்மா இதுல ரொம்ப பாடுபட்டாங்க, அவங்களே தென்னிந்தியாவுல காலேஜ் படிப்பு வரைக்கும் போன முதல் கிறிஸ்தவப் பெண்கள்ல ஒருத்தர். இதோட பலன் கிராமத்துல தெரியும். ஒரு சேரியில ஆம்பளைங்க கூட்டத்துல உபதேசியார் பேசலாம், ஆனா வீட்டுக்குள்ள, கிணத்தடியில, பிரசவத்துல, சாவுல நிக்கிறது அவர் வீட்டம்மா தான். அவங்களுக்கு அழைப்பும் இல்ல பயிற்சியும் இல்லன்னா ஊழியம் பாதி தான். இன்னைக்கும் நம்ம சங்கங்கள் பலதுல இன்டர்வியூ ஆம்பளைக்கு, டிரெயினிங் ஆம்பளைக்கு, மனைவி கூட போகணும் அவ்வளவு தான், மொழி தெரியாத ஊர்ல அந்தப் பொண்ணு வாய் பேசாம உக்காந்திருக்கும். எனக்குத் தெரிஞ்ச சில குடும்பங்கள் வட இந்தியாவுல இருந்து திரும்பி வந்ததுக்கு உண்மையான காரணம் இதுதான், ரிப்போர்ட்ல மட்டும் உடல்நலம்னு எழுதியிருப்பாங்க.

ரெண்டாவது மாசாமாசம் கூடுறது. சுத்துப்பட்டு கிராமத்து உபதேசியார்கள் எல்லாம் அந்த வட்டாரத்து ஐயர் இருக்கிற இடத்துக்கு வருவாங்க, சம்பளம் அங்க தான், ஆனா சம்பளத்துக்காக மட்டும் இல்ல. அடுத்த மாசம் கிராமத்துல சொல்லிக் குடுக்க வேண்டிய வேதபாடத்தை அங்க உக்காந்து சேந்து படிப்பாங்க, புதுப் பாட்டு கத்துப்பாங்க, ஊர் கஷ்டத்தைச் சொல்லுவாங்க, சேந்து சாப்பிடுவாங்க. தனியா ஒரு சேரியில திணறிட்டிருக்கிற மனுஷனுக்கு, தன்னை மாதிரியே இன்னும் இருபது பேர் இருக்காங்கன்னு கண்ணால பாக்கிறது எவ்வளவு பெரிய பலம். நம்ம ஊழியர் கூட்டங்கள் பெரும்பாலும் கணக்கு கேக்கிற கூட்டமா மாறிடுச்சு, அங்க அது அப்படி ஆகாததுக்கு பாடம் சொல்லிக் குடுக்கிறதை முன்னாடி வெச்சது தான் காரணம்னு எனக்குத் தோணுது.

மூணாவது, பிஷப்பே வந்தது. மாட்டு வண்டியிலயும் சைக்கிள்லயும், வருஷத்துல பெரும்பகுதி கிராமம் கிராமமா. ஜனம் மேளத்தோட, தீவட்டியோட வந்து கூட்டிக்கிட்டுப் போகும். அவர் திண்ணையில உக்காந்து பிள்ளைங்களையும் பெரியவங்களையும் கேள்வி கேப்பார், வேதக்கதை சொல்லச் சொல்லுவார். எந்த நிலக்காரர் உபதேசியாரைக் கேவலமா நடத்தினாரோ அந்த ஊர்லயே, பெரிய துரைமாரோட சமமா உக்காரக்கூடிய ஒரு பிஷப், அந்த உபதேசியார் வீட்டுக்கு விருந்தாளியா வர்றார். அதுக்கு அப்புறம் அந்த ஊர்ல அந்த உபதேசியாரோட மதிப்பே வேற.

நாலாவது தான் ரொம்ப தைரியமான காரியம், அந்த உபதேசியார்கள்ல நல்லா உழைச்சு நிலைச்சு நின்னவங்களையே எடுத்து குருப்பட்டம் குடுத்தது. இங்கிலீஷ் தெரியல, டிகிரி இல்ல, ஆனா பத்துப் பதினஞ்சு வருஷம் ஒரு சபையை மேய்ச்சிருக்கார்னா அவர் ஐயரா ஆகலாம். திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிர்ற ஆராதனை) குடுக்க வெளியூர்ல இருந்து பெரிய ஐயர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. ஆங்கிலிக்கன் சபைக்குள்ள இது சுலபமா ஒத்துக்கிற விஷயம் இல்ல. தரம் குறைஞ்சிடும்னு சொன்னவங்க இருந்தாங்க, அவங்க பயத்துல கொஞ்சம் நியாயமும் உண்டு, ஆனா மேய்ப்பன் இல்லாத மந்தையை விட கொஞ்சம் படிச்ச மேய்ப்பன் இருக்கிற மந்தை மேல்னு அசரியா முடிவு பண்ணார், நான் அவர் பக்கம் தான். 1920களின் தொடக்கத்துல டயோசிஸ் (ஒரு பிஷப்போட நிர்வாகப் பகுதி) எல்லையை விரிச்சு கிருஷ்ணா பக்கத்துப் பகுதிகளையும் சேத்தாங்க. 1930களின் நடுவுல அங்க வேலை செஞ்ச கிராம உபதேசியார்கள் கிட்டத்தட்ட ரெண்டாயிரம் பேர், குருமார் நூத்துக்கும் மேல, அதுல மிகப் பெரும்பாலானவங்க இந்தியர். இங்கிலாந்துல இருந்து வந்த மிஷனெரிகளும் அவருக்குக் கீழ வேலை செஞ்சாங்க.

காசு விஷயமும், சரியா வராத விஷயங்களும்

குடுக்கிறதை ஏழைங்களுக்குக் கத்துக் குடுக்கணும்ங்கிறதுல அசரியா ரொம்ப உறுதி. நம்ம திருநெல்வேலியில இருந்த பிடியரிசி அங்கயும் போச்சு, உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியோ சோளமோ தனியா எடுத்து வெச்சு ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கொண்டு வர்றது. அறுப்பின் பண்டிகையில கோழி, ஆடு, கதிர், காய்கறின்னு வரும். இதுல சேந்தது உபதேசியார் சம்பளத்துக்கு ஒரு பங்கு. அதுல பணத்தோட அளவு சின்னது, ஆனா இவர் எங்க உபதேசியார், நாங்க சோறு போடுறோம்ங்கிற உரிமை அந்த ஜனத்துக்கு வந்துச்சு, அவருக்கும் தன் சம்பளம் எங்கயோ இருந்து வருதுங்கிற கூச்சம் குறைஞ்சுச்சு.

ஆனா டயோசிஸ் முழுசா சொந்தக் கால்ல நிக்கல. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பெரிய கட்டடங்களுக்கு இங்கிலாந்து சங்கங்களோட உதவி தொடர்ந்து தேவைப்பட்டுச்சு. நம்ம காசுன்னு ஆரம்பிச்ச வேலை, பிஷப் ஆட்சி ஆனதும் பெரிய அமைப்பாகி, அந்தக் கொள்கையில இருந்து கொஞ்சம் விலகிடுச்சுன்னு தான் சொல்லணும். சாதியும் அப்படித்தான். மாலா முதல்ல சபைக்கு வந்த ஊர்ல மாதிகா வரத் தயங்கினாங்க, மாதிகா வந்த ஊர்ல மாலா. ஒரே திருவிருந்து, ஒரே பள்ளிக்கூடம்னு அசரியா விடாம நின்னார், பல இடத்துல ஜெயிச்சார், பல இடத்துல பெண் குடுக்கல் வாங்கல்ல அது அப்படியே இருந்துச்சு. தெலுங்கு ஜனத்துக்கு ஒரு தமிழர் தலைவரா இருந்ததுலயும் சங்கடம் இருந்திருக்கும், அதை அவர் தெலுங்குலயே வாழ்ந்து தான் சமாளிச்சார்.

தோர்ணக்கல்ல கட்டின கதீட்ரல் 1939 ஜனவரி 6-ல பிரதிஷ்டை ஆச்சு, கட்டி முடிக்க ஏறக்குறைய இருபத்தஞ்சு வருஷம். குவிமாடம், மினாரெட்டு, கோயில் மண்டபம் மாதிரி தூண்கள்னு அந்தப் பக்கத்து ஜனம் பாத்துப் பழகின வடிவம் எல்லாம் அதுல இருக்கு. அவ்வளவு வருஷம் ஆனதுக்குக் காரணம் பணப் பற்றாக்குறை, பணம் வர்றப்போ கிராம வேலைக்கு முதலிடம் குடுத்ததும் ஒரு காரணமா இருந்திருக்கும்னு நான் நம்புறேன்.

சபை ஐக்கியத்துக்கு அவர் ஏன் அவ்வளவு பாடுபட்டார்ங்கிறதும் இந்தக் கிராமங்கள்ல இருந்து தான் புரியும். ஒரே சேரியில ஒரே ரத்த உறவுக்காரங்க, மிஷனெரி எந்த ஊர்க்காரர்ங்கிறதைப் பொறுத்து ஒரு வீடு ஆங்கிலிக்கன், பக்கத்து ஊர் மெதடிஸ்ட், அடுத்தது பாப்டிஸ்ட், ஒரே பந்தியில திருவிருந்து எடுக்க முடியாது. உபதேசியார் இதை ஜனத்துக்கு எப்படி விளக்குவார்? 1919 மே மாசம் தரங்கம்பாடியில கூடின 33 ஊழியர்கள்ல அசரியா முன்னணியில நின்னார், பிரிவினைகள் எங்களை பலவீனமாக்குது, ஒண்ணாகணும்னு அறிக்கை குடுத்தாங்க. 1927-ல சுவிட்சர்லாந்துல லோசான்ல நடந்த சபை ஐக்கிய மாநாட்டுல, கிறிஸ்தவ நாடுகள்ல பிரிவினை ஒரு பலவீனமா இருக்கலாம், எங்க ஊர்ல அது பாவமும் இடறலும்னு பேசினார். 1945 ஜனவரி 1-ல தோர்ணக்கல்லயே இறந்து போனார். 1947 செப்டம்பர் 27-ல மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல பல சபைப் பிரிவுகள் ஒண்ணாகி தென்னிந்தியத் திருச்சபை உதயமானப்போ தோர்ணக்கல் டயோசிஸும் அதுல சேந்துச்சு, ஆனா அதே டயோசிஸ்ல இருந்த நந்தியால் பகுதி சபைகள்ல பெரும்பாலானவங்க சேர மாட்டோம்னு தனியா நின்னுட்டாங்க, அவங்க வந்து சேர 1975 ஆச்சு.